குழந்தையின் காலுக்கு ஏற்ற மலை: வாசகர் கேள்வி–பதில்

சிறு குழந்தைகளோடு மலையிலும் காட்டிலும் நடப்பதைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலவும் ஒரே கவலையை வெவ்வேறு சொற்களில் கேட்டதால் அவற்றைச் சேர்த்து ஏழு கேள்விகளாக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. திருமணத்துக்கு முன்பிருந்தே நானும் கணவரும் மலையேறும் பழக்கம் உள்ளவர்கள். அவனை அழைத்துக்கொண்டு எப்போது தொடங்கலாம், எவ்வளவு தூரம் நடக்கவைக்கலாம்? – ஒரு தாய், சேலம்

இப்போதே தொடங்கலாம். ஆனால் திருமணத்துக்கு முன் நீங்கள் இருவரும் நடந்த நடையைக் கொஞ்ச காலத்துக்கு மறந்துவிட வேண்டும். பெரியவர்கள் சமதளத்தில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் நடப்போம். மூன்றரை வயதுக் குழந்தை, நின்று பார்ப்பது, உட்கார்வது, கல் பொறுக்குவது எல்லாவற்றையும் சேர்த்து, மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தாலே நல்ல நடை என்பது என் அனுபவம். ஆகவே முதல் சில பயணங்களுக்குப் போகவர மொத்தம் 2 கிலோமீட்டருக்கு மிகாத பாதையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை நாளை ஒதுக்குங்கள்.

உங்கள் வீட்டுக்கு மேலேயே ஏற்காடு இருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் என்பதால் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். ஓர் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த மலைக்கு எவ்வளவு கம்பளி என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சேர்வராயன் கோயில் இருக்கும் மலைமுகட்டில் திறந்த வெளியாகக் கிடக்கும் நிலம் சின்னக் கால்களுக்கு மிகவும் ஏற்றது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்து, அடியில் காப்பிச் செடி நிற்கும் தோட்டங்களின் ஓரமாகச் செல்லும் வண்டிப்பாதைகளும் அப்படித்தான். செங்குத்தான படிகளில் இறங்கிப் போக வேண்டிய கிளியூர் அருவியை இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளிவையுங்கள்.

அருவிகளைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மகளுக்கு நான்கு வயதானபோது கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு அவளை அழைத்துப் போனோம். அறப்பளீஸ்வரர் கோயிலருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் எண்ணி, எண்ணிக்கை தெரியாத இடத்தில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இறங்கினாள். அந்த உற்சாகத்தை அவளுடைய பலம் என்று நான் தவறாக எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது ஐம்பது படி ஏறுவதற்குள் அவள் கால்கள் நடுங்கத் தொடங்கின. மீதிப் படிகள் முழுவதும் அவளை நானும் கணவரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, ஈரமான படியில் எங்கே வழுக்குமோ என்ற பயத்தோடு, இருட்டிய பிறகுதான் மேலே வந்து சேர்ந்தோம். ஏறிப் போய் இறங்கி வரும் மலையில் களைத்துப்போன குழந்தைக்கு மிச்சமிருப்பது இறக்கம். இறங்கிப் போய் ஏறி வரும் இடத்தில் மிச்சமிருப்பது ஏற்றம். அருவிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்துக்கு முன்பாக நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: பதினான்கு மாதக் குழந்தையை முதுகில் சுமந்து செல்லும் பையில் வைத்து மலையேறலாம் என்று இருக்கிறேன். பாதுகாப்பானதா? உயரத்தால் நோய் ஏதும் வருமா? – ஒரு தந்தை, கோயம்புத்தூர்

கழுத்து நன்றாக நின்று, பிடிப்பில்லாமல் தானாக உட்காரத் தெரிந்த குழந்தையைச் சட்டம் வைத்த முதுகுப் பையில் சுமக்கலாம். உங்கள் குழந்தை அந்தக் கட்டத்தைக் கடந்திருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றாலோ, இடுப்பு மூட்டில் ஏதேனும் குறை இருந்தாலோ மட்டும் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பை மட்டும் 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். குழந்தை 10 கிலோ. தண்ணீர், துணி, உணவு எல்லாம் சேர்ந்து இன்னொரு 4 கிலோ. ஏறக்குறைய 17 கிலோ எடை உங்கள் இடுப்பிலும் தோளிலும் இறங்கும், அதுவும் அசையாமல் இருக்கும் எடையல்ல. திரும்பும், குனியும், மயிலைப் பார்த்தால் ஒரு பக்கமாகச் சாயும். எனவே மலைக்குப் போவதற்கு முன் குறைந்தது மூன்று வாரங்களாவது மருதமலைப் படிகளிலோ உங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளிலோ குழந்தையைச் சுமந்து பழகுங்கள். தோளில் மட்டும் பாரம் இறங்குகிறது என்றால் இடுப்புப்பட்டை சரியாகக் கட்டப்படவில்லை என்று பொருள்.

முதுகில் இருக்கும் குழந்தையைச் சுமப்பவரால் பார்க்க முடியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய இடர். உங்கள் தலைக்குத் தட்டாத கிளை, உங்களைவிட ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தில் அடிக்கும். நீங்கள் விலக்கிவிட்ட லாண்டானா முள் திரும்பி வந்து அதன் கையைக் கீறும். ஆகவே இன்னொரு பெரியவர் எப்போதும் பின்னால் நடக்க வேண்டும். குழந்தை தூங்கிவிட்டால் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் அழுந்தாமல் பார்ப்பது அவருடைய முதல் வேலை. தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் சின்ன மூச்சுக்குழாய் மடங்கி மூச்சு தடைப்படும்.

குளிரையும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் உதகையில் ஒரு டிசம்பர்க் காலையில் ஏற்றத்தில் நடக்கும் உங்களுக்கு வியர்க்கும். அதே நேரத்தில் உங்கள் முதுகில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு வெப்பமாக இருக்கிறது என்பதைக் கொண்டு குழந்தையை மதிப்பிடாமல், அதன் பிடரிக்குள் கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையும் பாதமும் சில்லென்றிருப்பது இயல்பு. பிடரி சில்லிட்டிருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. தொங்கும் கால்கள் மரத்துப்போகாமல் இருக்க, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கீழே இறக்கிவிட்டு ஊர்ந்தோ நடந்தோ விளையாட விடுங்கள். சரிவான இடத்தில் பையைக் குழந்தையோடு நிறுத்திவைக்கவே கூடாது.

உயரத்தால் வரும் நோயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போதுதான் அந்தக் கவலை தொடங்குகிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவதில் ஆரோக்கியமான குழந்தைக்குத் தொல்லை வருவது அரிது. இமயமலைப் பக்கம் போவதானால் கதை வேறு. தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தையிடம் காரணமில்லாத அழுகை, உணவு மறுப்பு, தூக்கமின்மை ஆகியவைதான் அடையாளம், அவற்றைப் பார்த்தவுடன் கீழே இறங்க வேண்டும். பேச்சு நன்றாக வரும் வயது வரை அந்த உயரங்களைத் தவிர்க்கும்படி சொல்வேன்.

கேள்வி: என் மகனும் மருமகளும் இரண்டு வயதுப் பேத்தியைக் காட்டுக்கும் மேட்டுக்கும் அழைத்துப் போகிறார்கள். பாம்பு, அட்டை, யானை என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நான் பயப்படுவது தவறா? – ஒரு பாட்டி, திருச்சி

தவறே இல்லை, அம்மா. காட்டைப் பற்றிய பயம் சரியான பொருள்களின் மேல் இருந்தால் அது குழந்தையைக் காப்பாற்றும். எதற்கு எவ்வளவு பயப்படலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். இதை உங்கள் மகனிடமும் மருமகளிடமும் படித்துக் காட்டுங்கள்.

அட்டைக்குப் பயப்பட வேண்டாம். வால்பாறை போன்ற ஈரக்காடுகளில் மழைக்காலத்தில் அது ஏறத்தான் செய்யும். உப்புத் தடவிய நீளமான காலுறைக்குள் கால்சட்டையின் முனையைச் செருகிவிட்டால் பாதி தொல்லை தீரும். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பகுதியின் அடியில் நகத்தை ஓட்டித் தள்ளிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசிந்துகொண்டே இருக்கும்; சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

பாம்பைப் பொறுத்தவரை, உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பங்குக்குக் காரணமான நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் மலைக்காட்டை விட வயலிலும் வரப்பிலும் வீட்டோரத்திலும் அதிகம் காணப்படுபவை. பாதையை விட்டு விலகாமல் நடப்பதும், குழந்தை கல்லைப் புரட்டாமலும் மரப்பொந்தில் கைவிடாமலும் பார்த்துக்கொள்வதும், கணுக்கால் மூடிய காலணி போடுவதும் போதுமான காப்பு. தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. குழந்தையை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சியோடு சேர்த்து அசையாமல் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108 எண்ணை அழைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டில் ஒரே மருந்தாகத் தயாரிக்கிறார்கள். எனவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை.

நம்மில் பலரும் பயப்பட மறந்துபோகும் ஒன்று உண்டு. புதர்களில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சலைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில், மழைக்குப் பின் வரும் குளிர்மாதங்களில் இது அதிகம் காணப்படுகிறது. கடித்த இடத்தில் வலியோ அரிப்போ இருக்காது. சில நாள் கழித்து, சிகரெட் சுட்டதைப் போல நடுவில் கறுத்த பக்கு ஒன்று அக்குளிலோ தொடையிடுக்கிலோ உள்ளாடை இறுக்கும் இடுப்புக் கோட்டிலோ தெரியும். எல்லோருக்கும் அது தெரியும் என்றும் சொல்ல முடியாது. காட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் போனவுடன் காட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். சொன்னால் உரிய மருந்தை உடனே தொடங்குவார். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற பழைய மருந்துகளிலேயே இது குணமாகிவிடும். சொல்லாமல் வெறும் வைரஸ் காய்ச்சல் என்று நாள் கடத்தினால்தான் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் அளவுக்கு முற்றும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் குளிப்பாட்டி, உடுப்புகளை உடனே துவைத்து, அக்குளையும் காதுமடலின் பின்புறத்தையும் பார்த்துவிடுவது பாட்டியாகிய உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

யானைக்கும் சிறுத்தைக்கும் பயந்தே ஆக வேண்டும். 2023 ஆகஸ்டில் திருப்பதி மலைக்கு அலிபிரி நடைபாதையில் பெற்றோருடன் ஏறிக்கொண்டிருந்த 6 வயதுச் சிறுமியைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போய்க் கொன்ற செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் சிறுவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் அந்தப் பாதையில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 3,550 படிகளும் கூரையும் கடைகளும் கூட்டமும் உள்ள பாதையிலேயே இது நடந்தது. சிறுத்தை உயரத்தில் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் விலங்கு. ஆகவே குழந்தை எப்போதும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே, கைக்கெட்டும் தூரத்தில் நடக்க வேண்டும். முன்னால் ஓடவோ பின்தங்கவோ விடக்கூடாது. காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு தொடங்கி, மாலை 4 மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இந்த இரண்டிலும் உங்கள் மகன் விட்டுக்கொடுத்தால் நீங்கள் கண்டிப்பாகச் சண்டை போடலாம்.

கேள்வி: இணையத்தில் அழகான காட்டுப்பாதைகளைப் பார்க்கிறோம். அனுமதி வாங்காமல் உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு போகலாமா? – சென்னை

போகக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மார்ச்சில் நம் மலைச்சரிவுகளில் மார்பளவு வளர்ந்த போதைப்புல் என்ற காட்டுப்புல் காய்ந்து வைக்கோலாக நிற்கும். தீ மேட்டை நோக்கிப் போகும்போது, தனக்கு முன்னால் இருப்பதைச் சூடாக்கிக்கொண்டே போவதால், சமதளத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களாலேயே அதைத் தாண்டி ஓட முடியாதபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான் தேடி வருவதற்கு ஓர் இடமாவது இருக்கும்.

இன்று நேர்வழி எளிதாகவே இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதும் 40 பாதைகளை எளிது, மிதமானது, கடினமானது என்று பிரித்து, இணையத்தில் பதிவுசெய்துகொள்ள வகை செய்தது. பழங்குடி ஊர்களையும் காட்டையொட்டிய ஊர்களையும் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெற்றோருடன் எளிய பாதைகளில் மட்டுமே போகலாம் என்பது அதன் விதி, நியாயமான விதியும்கூட. கோடைத் தீக்காலத்தில் பாதைகள் அடைக்கப்படும். அந்த மாதங்களில் உங்கள் ஊருக்கு அருகிலிருக்கும் ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் நடந்து பழக்குங்கள். நடக்கப் பழகுவதற்குக் காடுதான் வேண்டும் என்பதில்லை.

வழிகாட்டியிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ‘நாங்கள் பாதியில் திரும்பினாலும் திரும்புவோம்.’ குழுவாகப் பதிவுசெய்யும் பாதையில் மற்றவர்களின் வேகத்துக்குக் குழந்தையை இழுக்க நேரும் என்பதால், தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போவதே நல்லது.

கேள்வி: உணவு, தண்ணீர், டயாபர் ஆகியவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? – தூத்துக்குடி

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைக்கு வாந்தி வராமல் இருக்க, வண்டி ஏறுவதற்கு முன் இட்லி ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டு, மேலே போய் இறங்கி அரை மணி நேரம் கழித்து வயிறாரக் கொடுங்கள். கொல்லிமலைக்கு 70 வளைவுகள். நிறைந்த வயிற்றோடு அதைக் கடந்த குழந்தைக்கு அன்று நடக்கத் தெம்பிருக்காது. நடக்கும்போது புளியோதரை, கடலை மிட்டாய், மலை வாழைப்பழம், அரிந்த கொய்யா ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, பசிக்கிறது என்று கேட்பதற்கு முன்பே கொடுக்க வேண்டும். ஓடைத்தண்ணீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். பொட்டலத்தில் குறித்திருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டுமே தவிர, ஒரு டம்ளரில் கொஞ்சம் போட்டுக் கலக்கக் கூடாது.

குரங்கு இருக்கும் இடத்தில் குழந்தையின் கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

பயன்படுத்திய டயாபரைப் புதைக்கக் கூடாது, எரிக்கவும் கூடாது. இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் கட்டி வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். டயாபர் விட்ட குழந்தைக்கு, ஓடையிலிருந்து அறுபது எழுபது தப்படி தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மண்ணை மூடிவிடலாம். அதற்காக ஒரு சின்னத் தோட்டக் கரண்டியை நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன்.

கேள்வி: இந்தப் பருவத்தில் சிவனொளிபாதமலைக்கு 5, 8 வயதுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏற நினைக்கிறோம். சூரிய உதயம் பார்க்க இரவில் ஏறுவதுதான் வழக்கம். பிள்ளைகளால் முடியுமா? – ஹட்டன், இலங்கை

எட்டு வயதுப் பிள்ளையால் முடியும். ஐந்து வயதுப் பிள்ளையாலும் முடியலாம், ஆனால் இரவில் வேண்டாம். 2,243 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு நல்லதண்ணிப் பக்கமிருந்து ஏறினால் ஏறத்தாழ 5,500 படிகள். பெரியவர்களின் காலுக்கு வெட்டிய படிகள் அவை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவற்றில் பல முழங்கால் உயரம் வரும். நாம் ஒரு படி ஏறும் இடத்தில் பிள்ளை ஒரு சின்னச் சுவரில் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டால் அதன் களைப்பு நமக்கு விளங்கும். தூக்கத்தில் எழுப்பி, குளிரில், கூட்டத்துக்குள் அப்படி ஏறவைப்பதில் பிள்ளைக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை.

டிசம்பர்ப் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளிலிருந்து மே மாத வெசாக் போயா வரையிலான பருவத்துக்குள்ளேயே, போயாவும் வாரக்கடைசியும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். பருவத்தில் வழியெல்லாம் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும் என்பதால் சுமை குறையும், ஒதுங்கவும் இடம் கிடைக்கும். வழியில் ஊசியும் நூலும் வைத்து வழிபடும் இடம் வரும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வழக்கத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அங்கே நல்ல ஓய்வு எடுத்து, சின்னவரின் நிலையைப் பார்த்து, மேலே போவதா திரும்புவதா என்று முடிவு செய்யலாம். உச்சியை நெருங்கும் படிகள் மிகவும் செங்குத்து. கைப்பிடிக் கம்பி இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில்தான் ஏற வேண்டும், பிள்ளையின் கீழ்ப்படியில் பெரியவர் நிற்க வேண்டும். இறங்கும்போது அந்த ஒழுங்கு மாறக் கூடாது. பெரியவர் எப்போதும் பள்ளத்தின் பக்கம். மேலே காற்று ஈரத்தோடு அடிக்கும் என்பதால் வியர்த்த சட்டையை மாற்றுவதற்கு உலர்ந்த சட்டை ஒன்றும் குரங்குக்குல்லாவும் கொண்டுபோங்கள். அவசரத்துக்கு 1990 என்ற ஆம்புலன்ஸ் எண்ணைக் கைப்பேசியில் மட்டுமல்லாமல் பெரிய பிள்ளையின் மனத்திலும் பதித்துவையுங்கள்.

கேள்வி: என் நான்கு வயது மகள் பத்து நிமிடம் நடந்ததும் உட்கார்ந்துவிடுகிறாள். கைப்பேசியைக் காட்டித்தான் நடக்கவைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்? – மதுரை

அவள் எப்படி உட்கார்கிறாள் என்பதை முதலில் கவனியுங்கள். கால் சோர்ந்து உட்காரும் குழந்தை தூக்கச் சொல்லிக் கை நீட்டும், முகம் வாடியிருக்கும், அடிக்கடி இடறியிருக்கும். அப்போது உணவும் தண்ணீரும் கொடுத்துக் கால்மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். தெளியவில்லை என்றால் அன்றைய நடை அவ்வளவுதான். காலணியைக் கழற்றிக் குதிகாலையும் சுண்டுவிரலையும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் காலணி கடிப்பதைச் சொல்வதில்லை, உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் நான்கு வயதில் பெரும்பாலும் குழந்தை உட்காருவது எதையோ பார்ப்பதற்காகத்தான். சிறுமலையில் ஒரு முறை என் மகள் இருபது நிமிடம் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் இரண்டு முறை கூப்பிட்டும் வராததால் கோபத்தோடு திரும்பிப் போனேன். இலைச்சருகின் மேல் கோலிக்குண்டு அளவில், பளபளவென்று கரும்பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை கிடந்தது. அவள் அதைத் தொடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன். சிறிது நேரத்தில் உருண்டையில் ஒரு விரிசல் விழுந்து, அதற்குள்ளிருந்து இரண்டு உணர்கொம்புகள் எட்டிப் பார்த்து, பின் முழு உடலும் பிரிந்து, எண்ணமுடியாத கால்களோடு ஒரு மரவட்டை நகர்ந்து போயிற்று. ஆபத்து என்றால் சுருண்டுகொள்ளும் இனம் அது. நாங்கள் போட்ட சத்தம்தான் அதைச் சுருளவைத்திருக்கிறது. அவள் அமைதியாக இருந்ததால்தான் அது விரிந்தது. பதினைந்து ஆண்டுகளாக மலைகளில் நடக்கும் நான் அது விரிவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கைப்பேசியைப் பையின் அடியில் போட்டுவிட்டு, ஒரு வில்லை உருப்பெருக்கியை அவள் கழுத்தில் மாட்டிவிடுங்கள். எழுதுபொருள் கடைகளில் விலை குறைவாகவே கிடைக்கும். பாதைக்கு இருக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரத்தை ஒதுக்குங்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து, எங்கே நின்றிருந்தாலும் அந்த மணிக்குத் திரும்பிவிடுங்கள். அதற்குள் அவள் இருநூறு மீட்டர்தான் நடந்திருந்தாலும் சரி. அடுத்த வாரம் ‘எப்போது போகிறோம்’ என்று அவளே கேட்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.